புள்ளடி விழும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பதவியில் இருக்கிறவரும் எதிர்த்து நிற்கிறவரும் மயிரிழையில் மோதிக்கொள்ளும் தேர்தல். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, அமெரிக்காவில் இருக்கிற என் தங்கை சொல்கிறாள், அங்கே ஒரு தேர்தலில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கையில் வாக்கு விழுந்து, கடைசியில் சீட்டுக் குலுக்கி ஆளைத் தெரிந்தார்களாம். நம்பலாமா?
– ஓமந்தை வாசகர்

நம்பலாம். தங்கச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 2017 நவம்பரில் வேர்ஜினியா மாநிலத்தின் கீழ்ச் சபைக்கு நடந்த தேர்தல் அது. 94ஆம் தொகுதி, நியூபோர்ட் நியூஸ் என்ற ஊர். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி, எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமன்ட்ஸ். முதல் எண்ணிக்கையில் யான்சி பத்து வாக்கால் முன்னால் நின்றார். டிசம்பரில் மீள எண்ணினார்கள், சைமன்ட்ஸுக்கு 11,608, யான்சிக்கு 11,607. ஒரு வாக்கால் எதிராளி வென்றுவிட்டார் என்று அன்று இரவு ஊரே கொண்டாடியது.

அடுத்த நாள் மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்குச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே எங்களைப் போல X என்ற புள்ளடி இல்லை, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைப் பேனையால் நிரப்ப வேண்டும். அந்த வாக்காளர் இரண்டு பேரின் வட்டத்தையும் நிரப்பிவிட்டார். பிறகு சைமன்ட்ஸின் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறார். கை தவறியதா, மனம் மாறியதா, யாருக்குத் தெரியும். எண்ணியவர்கள் இரண்டு பேருக்கும் போட்ட சீட்டு என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நீதிபதிகள் அந்தச் சீட்டை முழுவதும் பார்த்துவிட்டு, இந்தக் கோடு பிழையைத் திருத்தப் போட்ட கோடு, வாக்கு யான்சிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 11,608க்கு 11,608.

2018 ஜனவரி 4ஆம் திகதி, இரண்டு பெயரையும் தனித்தனித் தாளில் எழுதி, பழைய கமராக்களுக்கு பிலிம் சுருள் வரும் சின்ன டப்பாக்களில் போட்டு, ஒரு மண் பாத்திரத்துக்குள் இட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. நூறு பேர் கொண்ட சபையில் குடியரசுக் கட்சிக்கு 51, மற்றவர்களுக்கு 49 என்று ஆனது. பெயர் மாறி வந்திருந்தால் ஐம்பதுக்கு ஐம்பது. ஒருவர் இழுத்த கோட்டில் ஒரு மாநிலச் சபையின் பெரும்பான்மை நின்றது. அடுத்த 2019 தேர்தலில் சைமன்ட்ஸ் அதே ஆளைத் தோற்கடித்துச் சபைக்குப் போனார். தொகுதி எல்லை இடையில் மாறியிருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

திருவுளச் சீட்டு இலங்கையில் எங்களுக்கும் புதிதில்லை. 2018இலும் 2025இலும் உள்ளூராட்சித் தேர்தல்களுக்குப் பிறகு சில சபைகளில் தவிசாளரைத் தெரிவு செய்யும்போது வாக்கு சமனாகி, சீட்டெடுத்துத்தான் முடிவு செய்தார்கள்.

எங்கள் தேர்தலில் அப்படி ஒருவருக்கொருவர் மோதல் என்று ஒன்றும் இல்லையே. ஒரு எம்.பி.யைப் பிடிக்கவில்லை என்றால் நான் யாருக்கு எதிராகப் போடுவது? வன்னியில் எல்லாம் கலந்துதானே கிடக்கிறது.
– மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை

டீச்சர், உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். ஆறு ஆசனம். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போய்விடும். மிச்சம் ஐந்து. நூற்றுக்கு ஐந்து வீதம் எடுக்காத கட்சிகளை வெட்டிவிட்டு, எஞ்சிய வாக்கை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை வரும். அந்த விலைக்கு எத்தனை முழுதாக வாங்க முடியுமோ அத்தனை ஆசனம், பிறகு யாருக்கு அதிகம் மிஞ்சியிருக்கிறதோ அவருக்கு மிச்ச ஆசனம். இந்த "மிச்சம்" என்ற இடத்தில்தான் வன்னியின் மோதல் நடக்கிறது. வேர்ஜினியாவில் போல இரண்டு முகம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மோதல் அதைவிடக் கடுமை.

2020 பாராளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். தமிழரசுக் கட்சிக்கு 69,916, பொதுஜன பெரமுனவுக்கு 42,524, ஐக்கிய மக்கள் சக்திக்கு 37,883, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு (ஈ.பி.டி.பி.) 11,310. ஓர் ஆசனத்தின் விலை 32,300 அளவு. தமிழரசுக்கு போனஸோடு மூன்று, பெரமுனவுக்கு ஒன்று, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று. ஆறாவது யாருக்கு? பெரமுனவுக்கு மிஞ்சியது 10,200 அளவு, ஈ.பி.டி.பி.யிடம் இருந்தது 11,310. ஆயிரத்து நூறு வாக்கு வித்தியாசத்தில் ஆறாவது ஆசனம் ஈ.பி.டி.பி.க்குப் போனது. அதுமட்டுமில்லை, அவர்கள் எடுத்தது 5.44 வீதம். வெட்டுப்புள்ளிக்கு மேலே ஆயிரம் வாக்குக்கும் குறைவு. அந்த ஆயிரம் இல்லாவிட்டால் அவர்கள் கணக்கிலேயே இல்லை, ஆசனம் பெரமுனவுக்குப் போயிருக்கும். ஒரு பெரிய கிராம அலுவலர் பிரிவில் இருக்கிற வாக்கு அவ்வளவு வரும்.

2024 நவம்பர் 14 இன்னும் நெஞ்சை உறுத்துகிற கணக்கு. தேசிய மக்கள் சக்தி 39,894, ஐக்கிய மக்கள் சக்தி 32,232, தமிழரசுக் கட்சி 29,711, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, தொழிற்கட்சி 17,710. முதலாவதுக்கு போனஸோடு இரண்டு, மற்ற நாலுக்கும் ஒவ்வொன்று. முன்பு ஒரே பட்டியலில் நின்ற தமிழரசும் மற்றத் தமிழ்க் கட்சிகளும் இந்த முறை தனித்தனி. இரண்டின் வாக்கையும் கூட்டிப் பாருங்கள், 50,813. அது ஒரே பட்டியலாக இருந்திருந்தால் போனஸ் அங்கே போயிருக்கும், அவர்களுக்கு மூன்று ஆசனம், தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று. பிரிந்து நின்றவர்களை ஒன்றாக்கினால் எல்லா வாக்கும் அப்படியே வந்து சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கட்சிக்காரர்கள் இந்தக் கூட்டலை மேசையில் வைத்துப் பார்க்காமல் அடுத்த வேட்புமனுவுக்குப் போகக் கூடாது என்று வாய்விட்டுக் கேட்கிறேன்.

சரி, உங்கள் எம்.பி.க்கு வருகிறேன். அவரை எதிர்க்கிற ஆள் மற்றக் கட்சியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வன்னியில் ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர் நிற்கிறார்கள், ஆறு ஆசனத்துக்கு மூன்று பேர் கூட. உங்களுக்குக் கட்சி பிடிக்கும், ஆள் பிடிக்காது என்றால், அந்தக் கட்சிக்கே புள்ளடி போட்டுவிட்டு, வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடுகிற விருப்பு வாக்கை அதே பட்டியலில் வேறு மூன்று பேருக்குக் கொடுங்கள். அவருக்கு உண்மையான போட்டி பக்கத்து இலக்கத்தில் நிற்கிறவர்தான். இதை எம்.பி.மார் நன்றாக அறிவார்கள், நாங்கள்தான் அறியாமல் இருக்கிறோம்.

கிளிநொச்சி வன்னி இல்லையா? நாங்கள் ஏன் யாழ்ப்பாணத்தோடு வாக்குப் போடுகிறோம்?
– பரந்தன் வாசகர்

மண்ணால் நீங்கள் வன்னிதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தேர்தல் கணக்கில் மட்டும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

முந்தி ஒரு தொகுதிக்கு ஓர் ஆள் என்று இருந்த காலத்தில் வன்னியில் இப்படிப் பதவியில் இருந்தவரை எதிர்த்து நின்று வென்ற கதைகள் உண்டா? எங்கள் அப்பப்பா ஏதோ சொல்வார், எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.
– முள்ளியவளை, உயர்தர மாணவி

பிள்ளை, அப்பப்பா சொன்னது அநேகமாக வவுனியாத் தொகுதிக் கதையாக இருக்கும். அப்போது இன்றைய முல்லைத்தீவுப் பக்கமும் வவுனியாத் தொகுதிக்குள்தான். 1947இல் அங்கே முதலில் வென்றவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இருந்தவர். பெரிய ஆள். 1960 மார்ச்சில் அவரைச் சுயேச்சையாக நின்ற தா. சிவசிதம்பரம் தோற்கடித்தார். அதே ஆண்டு யூலையிலும் 1965இலும் சிவசிதம்பரமே திரும்ப வந்தார்.

1965இல் அவரிடம் தோற்றவர் தமிழரசுக் கட்சியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு. தோற்றவர் வீட்டில் இருக்கவில்லை. 1970இல் மறுபடி நின்று, பதவியில் இருந்த சிவசிதம்பரத்தைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். இதுவரை எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். இதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1977க்கு முல்லைத்தீவு தனித் தொகுதியாகப் பிரிந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி முல்லைத்தீவில் செல்லத்தம்புவையும் வவுனியாவில் சிவசிதம்பரத்தையும் நிறுத்தியது. ஒருவரை ஒருவர் மாறி மாறித் தோற்கடித்த இரண்டு பேரும் ஒரே சின்னத்தில் நின்று இருவரும் வென்றார்கள். 1983இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்ற சத்தியத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்களோடு இருவரும் ஆசனத்தை இழந்தார்கள். அப்பப்பா இருந்தால் அந்த நாள் கூட்டங்களைப் பற்றி ஒருக்கா கேட்டு எழுதி வை பிள்ளை, இங்கே போடுகிறேன்.

அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாக்குப் போடாமல் இருக்க மாட்டா. ஆனால் கை நடுங்குகிறது, பிழையாகப் போட்டுவிடுவாவோ என்று பயமாக இருக்கிறது. என்னென்ன பிழை நடந்தால் வாக்கு செல்லாமல் போகும்?
– அடம்பன், மன்னார்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. எனக்கு இந்த மாதம் வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, நிராகரிக்கப்பட்டவை நாடு முழுக்க மூன்று இலட்சம் அளவு. இரண்டு மாதம் கழித்து அதே மக்கள் பாராளுமன்றத் தேர்தலுக்குப் போனார்கள், நிராகரிக்கப்பட்டவை 6 இலட்சத்து 67 ஆயிரம். போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தரைப் பேருக்கு மேல். வாக்குப் போட வந்தவர்கள் குறைந்தும் செல்லாத வாக்கு இரண்டு மடங்குக்கு மேல் போனது என்றால், அதில் பெரும் பங்கு அந்த நீளமான சீட்டுக்கும் விருப்பு வாக்குக் குழப்பத்துக்கும்தான் என்பது என் அபிப்பிராயம். ஆறாவது ஆசனம் ஆயிரத்துச் சொச்ச வாக்கில் தீர்மானமாகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு நாங்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆசிரியராக இருந்த காலத்தில் வாக்கெண்ணும் கடமைக்குப் போயிருக்கிறேன். பாடசாலை மண்டபம், வாங்குகளை இழுத்துச் சேர்த்த மேசை, மேலே மின்விசிறி ஓடினால் சீட்டுப் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள், வேர்வை சொட்டச் சொட்ட இருப்போம். விடியப்புறம் மூன்று மணி போல ஒரு சீட்டு என் கைக்கு வந்தது. மடிப்புக் கலையாமல், நாலாக, ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. விரித்தால் கட்சிப் பெயர்கள் இருக்கிற பக்கம் முழுக்க வெறுமை. கீழே இலக்கங்கள் இருக்கிற பெட்டிகளில் மட்டும் மூன்று புள்ளடி. மூன்றும் அழுத்தி, பெட்டிக்குள் அடங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கொப்பியில் போட்ட மாதிரி. நடுங்கின கைதான், கோடுகள் நெளிந்திருந்தன, ஆனால் எவ்வளவு கவனம். எந்தக் கட்சியின் மூன்று பேர் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அது நிராகரிக்கப்பட்ட கட்டுக்குப் போனது. யாருடைய சீட்டு என்று எவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அந்த மடிப்பு மட்டும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே அம்மம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கட்சிக்கு நேரே புள்ளடி. அது விழுந்தால் வாக்கு உயிரோடு இருக்கிறது. விருப்பு வாக்கு போடாமல் விட்டாலும் கட்சி வாக்கு செல்லும். விருப்பு வாக்கு போட்டால் ஒன்று போடலாம், இரண்டு போடலாம், மூன்று வரை போடலாம். நாலு போட்டால் கட்சி வாக்கு தப்பும், விருப்பு வாக்கு அத்தனையும் போய்விடும். இரண்டு கட்சிக்குப் போட்டால் எல்லாமே போச்சு. பெயர், கையெழுத்து, ஆளை அடையாளம் காட்டுகிற எந்த எழுத்தும் சீட்டில் வேண்டாம், சிலர் பாசத்தில் "வாழ்க" என்று எழுதுவார்கள், அதுவும் வேண்டாம். சீட்டின் பின்பக்கம் அலுவலர் குத்துகிற உத்தியோகபூர்வ அடையாளம் இருக்கிறதா என்று வாங்கும்போதே ஒருக்கால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புள்ளடி நெளிந்தால் பயமில்லை. எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும், கோடு அழகாக இருக்கத் தேவையில்லை. பெட்டிக்கு நடுவில் விழட்டும், இரண்டு கட்சிக்கும் இடையில் இருக்கிற கோட்டில் விழுந்தால்தான் வில்லங்கம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கீறி, கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதி, ஒரு கிழமைக்கு நாளுக்கு ஒருதரம் போட்டுப் பழகட்டும். கண்பார்வை குறைவு, உடல் இயலாமை என்றால் உதவிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கான தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், கிராம அலுவலரிடம் இப்போதே கேளுங்கள்.

இவ்வளவு நெருக்கமாகத் தோற்கிற ஆள் நீதிமன்றம் போவது சரியா? தோல்வியை ஏற்கத் தெரியாதவர் என்று சனம் சொல்லாதா?
– நெடுங்கேணி வாசகர்

எண்ணும் இடத்தில் பிழை நடந்திருக்கிறது என்று கண்ணால் கண்டால் போகத்தான் வேண்டும். எண்ணும்போதே மீள எண்ணும்படி முகவர் கேட்கலாம், பிறகு தேர்தல் மனு இருக்கிறது. அதற்கு வழியில்லாத நாட்டில்தான் தோற்றவன் தெருவுக்கு இறங்குவான்.

ஆனால் போகிறவர் தன் மனதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இங்கிலாந்தில் 1997இல் வின்செஸ்டர் தொகுதியில், பதவியில் இருந்த ஜெரி மலோன் எதிர்த்து நின்ற மார்க் ஓட்டனிடம் இரண்டே வாக்கால் தோற்றார். அலுவலர்கள் உத்தியோகபூர்வ அடையாளம் குத்தாமல் விட்ட சீட்டுகள் ஐம்பதுக்கு மேல் எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தன, அவற்றைச் சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று அவர் வழக்குப் போட்டார். நியாயமான வழக்கு, நீதிமன்றமும் தேர்தலைச் செல்லாதது என்றது. நவம்பரில் திரும்ப நடத்தினார்கள். ஓட்டன் 21,556 வாக்கால் வென்றார். இரண்டு வாக்கு இருபத்தோராயிரமாக ஆனது. சட்டம் மலோனின் பக்கம் நின்றது, அந்த ஊர்ச் சனம் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று விளங்கிக்கொண்டுதான் வழக்குப் போட வேண்டும்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை. வாக்கு வவுனியாவில். போன முறை முதலாளி லீவு தரவில்லை, போகாமல் விட்டேன். என் ஒரு வாக்கு இல்லாததால் யாருக்கு என்ன என்று இருந்துவிட்டேன், இப்போது யோசித்தால் கவலையாக இருக்கிறது.
– செட்டிகுளம் பெடியன் ஒருவர்

தம்பி, லீவு முதலாளி தருகிற தயவு இல்லை, சட்டப்படி உனக்கு உரியது. தேர்தல்கள் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலுக்கும் தூரக் கணக்கை அறிவிக்கிறது: 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40இலிருந்து 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேலே இரண்டு நாள். சம்பளம் வெட்டக் கூடாது. கொழும்பிலிருந்து செட்டிகுளம் 150ஐ எப்போதோ தாண்டிவிடும், ஆகவே உனக்கு இரண்டு நாள்.

வாயால் கேட்டுவிட்டு விடாதே. எழுத்தில் கேள், கொடுத்த கடிதத்தின் படத்தை போனில் எடுத்து வை. மறுத்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்யலாம். அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது, வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது, அதில் உன் பெயர் இன்னும் செட்டிகுளத்து வீட்டில்தான் இருக்கிறதா என்று அம்மாவைக் கிராம அலுவலரிடம் போய்ப் பார்க்கச் சொல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கீழே இறங்கலாம், வாக்களிப்பு நிலையம் காலை ஏழு மணிக்குத் திறக்கும்.